பழைய மியாட்டா: 1.6 வாங்கலாமா, 1.8 வாங்கலாமா?

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவை (இருவர் அமரும், கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) தேடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது: 1.6 லிட்டர் இன்ஜினா, 1.8 லிட்டரா?

இன்ஜின்: 1.6-ல் சுமார் 115 குதிரைத்திறன். 1994-ல் வந்த 1.8-ல் சுமார் 128. மேடு ஏறும்போது 1.8-ன் இழுவை நன்றாகவே தெரியும். ஆனால் இன்ஜினை உச்சம் வரை விரட்டி ஓட்டும் சுகம் 1.6-ல்தான்.

எடை: 1.6 இலகு, 1.8 கொஞ்சம் கனம்.

பிரேக், டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பாகம்): 1.8-ல் இரண்டுமே பெரியவை. பிற்பாடு, சக்தியைக் கூட்ட டர்போ பொருத்தும் எண்ணம் இருந்தால் 1.6-ன் சின்ன டிஃபரன்ஷியல் தாங்காது.

நம்பகம்: இங்கே அவசரப்படாதீர்கள். 1991-ன் தொடக்கம் வரை வந்த 1.6-களில் கிராங்க்ஷாஃப்ட்டின் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) முன்முனை குட்டை. அதன் போல்ட் தளர்ந்தால் முனை தேய்ந்து, செலவு இன்ஜின் வரை போகும். அந்த முனையில் மாட்டியிருக்கும் புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) 4 பிளவு இருந்தால் குட்டை முனை, 8 இருந்தால் நீளமானது. இன்ஜின் ஓடும்போது புல்லி லேசாக ஆடினாலும் அந்தக் கார் வேண்டாம்.

துரு: இரண்டுக்கும் ஒரே கதைதான். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே அழுத்திப் பாருங்கள். கூரைத் தண்ணீர் வடியும் துளை அடைத்தால் அங்கேதான் அரிக்கும்.

சரி, எது யாருக்கு? வளைவுச் சாலையில் ரசித்து ஓட்ட 1.6. நெடுந்தூரத்துக்கும், ரேஸ் டிராக்குக்கும், மாற்றங்கள் செய்யவும் 1.8. என் ஓட்டு 1.8-க்கு. ஆனால் அரித்துப்போன 1.8-க்குப் பக்கத்தில் துருவில்லாத 1.6 நின்றால், யோசிக்காமல் 1.6-ஐ எடுங்கள்.