மூன்று செப்புத் தகட்டுச் செட்கள்: ஏலத்தில் எதற்குக் கை தூக்கலாம்?

ஐரோப்பாவின் பழைய கட்டடக்கலைப் புத்தகங்கள் ஏலத்துக்கு வரும்போது மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும். பழைய ரோமைப் பற்றி இத்தாலியரான பிரனேசி செய்த 'லே ஆன்திகித்தா ரொமானே', பிரிட்டிஷ் கட்டடங்களைப் பற்றிக் கோலன் கேம்ப்பெல் தொடங்கிவைத்த 'விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸ்', பழைய ஏதென்ஸைப் பற்றி ஆங்கிலேயர்களான ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் சேர்ந்து உருவாக்கிய 'தி ஆன்டிக்விட்டீஸ் ஆஃப் ஏதென்ஸ்'. மூன்றுமே 18ஆம் நூற்றாண்டில் பிறந்தவை. மூன்றுமே மேசையை அடைத்துக்கொள்ளும் ஃபோலியோ அளவு. படங்கள் எல்லாம் செப்புத் தகட்டில் கோடு வெட்டி, மை பூசி, ஈரத் தாளில் அழுத்தி எடுத்தவை.

ஏலப் பட்டியல்கள் மூன்றையும் 'முழுச் செட்' என்று ஒரே மாதிரி வர்ணிக்கும். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. பிரனேசியின் நான்கு தொகுதிகளும் 1756-இல் சேர்ந்தே வந்தன. விட்ருவியஸ் ஐந்து தொகுதிகளாக நிறைவதற்கு 56 ஆண்டுகள் பிடித்தன. ஏதென்ஸ் முடிய 68 ஆண்டுகள். ஆகவே 'முழுமை', 'அசல் பைண்டிங்', 'முதல் அச்சு' எதுவுமே மூன்றுக்கும் ஒரே பொருள் தராது. இதை மறந்துவிட்டுக் கை தூக்கினால், முதல் அச்சுக்குரிய விலையைக் கொடுத்துப் பிந்தைய அச்சை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

பிரனேசியிலிருந்து தொடங்குவோம். கண்ணுக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை. நீர்க்கால்வாய்கள், நகரச் சுவர்கள், கல்லறைகள், பாலங்கள் என்று பழைய ரோமையே தோண்டிக் காட்டுகிறார். மண்ணுக்குள் யாரும் பார்த்திராத அஸ்திவாரங்களைக்கூட அசுரத்தனமான கல் அடுக்குகளாக வரைந்துவிடுவார். அதில் அளவு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அவருடையது உளியால் மட்டும் வெட்டிய வேலை அல்ல. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, கோட்டை அமிலத்துக்குத் தின்னக் கொடுக்கும் முறை. நிழல்களில் அந்த ஆழமான கறுப்பு வருவது அதனால்தான்.

அச்சிட அச்சிடத் தகடு தேயும் என்பதால், அந்தக் கறுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1778-இல் பிரனேசி இறந்த பிறகும் தகடுகள் ஓயவில்லை. மகன்கள் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோய் அச்சிட்டார்கள். பிறகு 1830-களில் அதே பாரிசில் ஃபிர்மின் திதோ நிறுவனம் அச்சிட்டது. அதன்பின் தகடுகள் ரோமுக்குத் திரும்பி போப்பரசின் அச்சகத்துக்குப் போயின. இன்றும் அவை ரோமில் அரசு நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 'அசல் பிரனேசி' என்று சொல்லப்படும் ஒரு தாள் 1756-இலும் அடித்ததாக இருக்கலாம், எண்பது ஆண்டுகள் கழித்தும் அடித்ததாக இருக்கலாம். இரண்டுமே அசல் தகட்டிலிருந்து வந்தவைதான், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விலை ஒன்றாக இருக்கக் கூடாது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அதைச் செய்த கம்பிச் சல்லடையின் கோடுகள் தெரிய வேண்டும். 1756-இல் ரோமில் அச்சிட்ட தாள் என்றால் அந்தக் கோடுகள் இருக்கும். கோடே இல்லாத வழுவழுப்பான தாள் என்றால் அது பிந்தைய அச்சு.

இன்னொரு அடையாளம் இதைவிடச் சுவையானது. அயர்லாந்துப் பிரபுவான சார்லமாண்ட் ஆதரவு தருவதாகச் சொல்லியிருந்ததால், பிரனேசி இந்த நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். கல்லறைகளைப் பற்றிய சின்ன நூலாகத் தொடங்கியது நான்கு தொகுதிகளாக வீங்கியது. எதிர்பார்த்த பணம் மட்டும் வரவில்லை. மனுஷன் சும்மா இருக்கவில்லை. நூலின் முகப்புப் பக்கத் தகட்டிலிருந்து பிரபுவின் பெயரைச் சுரண்டி எடுத்தார். 1757-இல் தன் தரப்பு நியாயத்தைச் சொல்லும் கடிதங்களைத் தனி நூலாகவே அச்சிட்டுவிட்டார். ஆக, முகப்பில் சார்லமாண்ட் பெயர் அழியாமல் இருந்தால் அது தொடக்க காலப் பிரதி. ஏலப் பட்டியலில் இந்த ஒரு வரி இல்லையென்றால், முகப்பின் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸ் வேறு ஜாதி. கேம்ப்பெல் ஸ்காட்லாந்துக்காரர், சட்டம் படித்துவிட்டுக் கட்டடக்கலைக்கு வந்தவர். 1715, 1717, 1725 என்று மூன்று தொகுதிகள் கொண்டுவந்தார். முன்னுரையில் பெர்னினி, பொரோமினி போன்ற இத்தாலியர்களின் ஆடம்பரத்தைச் சாடுகிறார், பழைய ரோமானிய ஒழுங்கைப் பின்பற்றிய பல்லாடியோவையும் அவர் வழியில் போன ஆங்கிலேயர் இனிகோ ஜோன்ஸையும் தூக்கிப்பிடிக்கிறார், அப்புறம் நைசாகத் தன் சொந்த வடிவமைப்புகளையும் உள்ளே நுழைத்துவிடுகிறார். படிக்கப் படிக்க, தொழில் பிடிப்பதற்காகப் போட்ட விளம்பரப் புத்தகம் என்றுதான் தோன்றும். ஆனாலும் அவர் வடிவமைத்த வான்ஸ்டெட் மாளிகை 1820-களில் இடிக்கப்பட்டுவிட்டதால், அந்தப் பக்கங்களின் மதிப்பு கூடிவிட்டது. பெரும்பாலான படங்கள் ஆளில்லாத, நிழல் குறைந்த முகப்புத் தோற்றங்களும் தரைத்தள வரைபடங்களும்தான். கட்டடக்கலைஞருக்கு அது போதும். சுவரில் மாட்ட நினைப்பவருக்குச் சப்பென்று இருக்கும்.

இந்தச் செட்டை எண்ணுவதில்தான் தலைவலி. இரண்டு பக்கம் விரியும் படத்துக்கு இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். அதனால் ஒரு தொகுதியில் நூறு படங்கள் என்று போட்டிருந்தாலும் தாள்கள் நூறு இருக்காது. குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம், எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அடுத்த குழப்பம், நான்காம் தொகுதி இரண்டு உண்டு. 1739-இல் பேட்ஸ்லேடும் ரோக்கும் ஒரு நான்காம் தொகுதி போட்டார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் வுல்ஃபும் காண்டனும் 1767-இல் இன்னொரு நான்காம் தொகுதியும் 1771-இல் ஐந்தாம் தொகுதியும் போட்டார்கள். ஐந்து தொகுதிச் செட் என்று வருவதில் பெரும்பாலும் 1739-ஆம் ஆண்டுத் தொகுதி இருக்காது. என் கணக்கில், கேம்ப்பெல்லின் மூன்று தொகுதிகளே தன்னளவில் முழுமையானவை. பின்னால் வந்தவர்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன். காண்டன் பிற்பாடு டப்ளினில் கட்டிய கட்டடங்கள் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அது வேறு கதை.

இனி ஏதென்ஸ். ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் 1751-இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஏணி போட்டு ஏறி, அங்குலத்தின் பின்னங்கள் வரை அளந்தார்கள். அவர்கள் நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சுக்காரரான லெ ருவா வேகமாக வந்து போய் 1758-இல் கிரேக்க இடிபாடுகளைப் பற்றிய தன் நூலை முதலில் வெளியிட்டுவிட்டார். 1762-இல் வந்த ஏதென்ஸ் முதல் தொகுதியில் ஸ்டூவர்ட், லெ ருவாவின் தவறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறார். பொறாமை கலந்த ஆராய்ச்சி. ஆனால் அளவுகள் அவர் பக்கம் நின்றன.

ஏதென்ஸின் புகழ்பெற்ற பெரிய கோயிலான பார்த்தினானை எதிர்பார்த்து முதல் தொகுதியைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அதில் இருப்பவை சின்னக் கட்டடங்கள்: காற்றுகளின் கோபுரம், லைசிக்ரட்டீஸ் நினைவுச்சின்னம், இலிசோஸ் ஆற்றங்கரைக் கோயில் போன்றவை. எனக்கு அந்தக் கோயில் படங்கள்தான் முக்கியம். 1778-இல் ஏதென்ஸின் ஒட்டோமன் ஆளுநர் நகரச் சுவர் கட்டக் கல் தேவைப்பட்டு அதை இடித்துவிட்டார். அந்தக் கட்டடம் எப்படி நின்றது என்பதற்கு இந்தத் தாள்களே பெரிய சாட்சி. பார்த்தினான் இரண்டாம் தொகுதியில் வருகிறது. பிரிட்டிஷ் தூதரான எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைக் கழற்றுவதற்கு முந்தைய நிலை அது.

அந்த இரண்டாம் தொகுதியின் முகப்பில் 1787 என்று இருக்கும். உண்மையில் ஸ்டூவர்ட் 1788-இல் இறந்த பிறகுதான் அது வெளிவந்தது. இந்த முரண்பாட்டைப் பார்த்துப் பிரதியைச் சந்தேகிக்க வேண்டாம். மூன்றாவது 1794 என்ற தேதியோடு வந்தது, நான்காவது 1816-இல், கூடுதல் தொகுதி 1830-இல். 1825 முதல் 1830 வரை கின்னார்ட் தொகுத்த மறுபதிப்பு வேறு. பட்டியலில் ஆண்டுகள் தெளிவாக இல்லையென்றால் அதுவாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஐந்து தொகுதிகளும் ஒரே தோலில், ஒரே தங்க எழுத்தோடு வரிசையாக நின்றால் அலமாரிக்கு அழகுதான். ஆனால் 1762-இல் முதல் தொகுதியை வாங்கியவரிடம் மற்ற நான்கும் இருந்திருக்க முடியாது. ஒரே மாதிரி பைண்டிங் என்றால், பெரும்பாலும் எல்லாம் 1830-க்குப் பிறகு சேர்த்துக் கட்டியவை. மறுபைண்டிங்கின்போது உயரத்தைச் சமப்படுத்த ஓரங்களை வெட்டியிருப்பார்கள். சில இடங்களில் கத்தி, தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடம் வரை போயிருக்கும். உயரம் ஒத்துப்போகாத, தோல் நிறம் மாறிய தொகுதிகள் அழகில் குறைவு, நேர்மையில் கூடுதல். ஒரே சீராக இருப்பதற்காகவே ஏலத்தில் விலை ஏறுகிறது. எனக்கு அந்தப் போட்டி வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவான சில ஆபத்துகளும் உண்டு. படங்களைக் கிழித்துச் சட்டம் போட்டு விற்கும் வியாபாரம் பழையது. பிரனேசிதான் அதில் அதிகம் அடிபட்டவர். குறைந்த தாளின் இடத்தில் பிந்தைய அச்சு ஒன்றைச் செருகி வைத்திருப்பதும் நடக்கும். ஒரு தாள் மட்டும் அக்கம்பக்கத்துத் தாள்களோடு நிறத்திலோ தடிப்பிலோ ஒட்டாமல் இருந்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள். படம் நிறைந்த புத்தகங்களை 'திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம்' என்ற நிபந்தனையோடு விற்பது ஏலத்தில் சகஜம். அதனால் சோதனையை முன்னாலேயே முடிக்க வேண்டும். பெரிய ஏல நிறுவனங்களில் முடிந்த விலைக்கு மேல் கால் பங்கை ஒட்டிய கட்டணமும் சேரும்.

படிப்பதற்கு மட்டும்தான் வேண்டும் என்றால் செலவே வேண்டாம். ஏதென்ஸ் தொகுதிகளை ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகமும், பிரனேசியின் பாரிஸ் பதிப்பை டோக்கியோ பல்கலைக்கழகமும் இணையத்தில் வைத்திருக்கின்றன.

மூன்றும் ஒரே நாளில் வந்தால் நான் ஏதென்ஸுக்குத்தான் கை தூக்குவேன், அதுவும் பொருந்தாத பைண்டிங்கில் இருந்தால் இன்னும் உற்சாகமாக. முதல் தொகுதி தனியாக வந்தாலும் விடமாட்டேன். பிரனேசி முழுச் செட்டுக்குச் சார்லமாண்ட் பெயர் இருந்தால் மட்டும் போட்டி போடுவேன். இல்லையென்றால் கறுப்பு நன்றாக இறங்கிய ஒற்றைத் தாள் போதும். விட்ருவியஸில் மூன்று தொகுதிகளை ஒன்றாக ஏலம் விடும் லாட் வந்தால் பார்க்கலாம். ஐந்து தொகுதி லாட்டில் மற்றவர்கள் மோதிக்கொள்ளட்டும்.