செத்த மரத்துக்குக் காரணம் சொன்ன மரப் பரிசோதனை
பல வருடம் நிழல் தந்த மரம் ஒரே மாதத்தில் இலையெல்லாம் காய்ந்து நின்றபோது மனசு ஆறவே இல்லை, அதனால்தான் மரங்களைப் பரிசோதிக்கும் இந்த நிபுணரை அழைத்தேன். வண்டு துளைத்த ஓட்டைகளைக் காட்டினேன். வண்டு பெரும்பாலும் ஏற்கெனவே தளர்ந்த மரத்தைத்தான் தேடி வரும் என்று சொல்லிவிட்டு, நேராக அடிமரத்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். தரையை உயர்த்த நாங்கள் கொட்டிய மண் வேர்க்கழுத்தை, அதாவது அடிமரம் வேராக விரியும் இடத்தை மூடி, பட்டை அழுகியிருந்தது. அப்புறம், குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தில் ஒரு பக்கத்துப் பெரிய வேர்களே போயிருந்தன. நீர் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்குமாம், வேர் அடிபட்ட மரம் தன்னுள் சேமித்த உணவை வைத்தே 2, 3 வருடம்கூடத் தாக்குப்பிடித்துவிட்டு அப்புறம்தான் காயுமாம். அறிக்கை வரத்தான் தாமதம். ஆனால் மருந்து எதையும் விற்கப் பார்க்கவில்லை, எனக்கு அது பெரிய விஷயம். பக்கத்து மரத்தடியில் குவிந்திருந்த மண்ணையும் அன்றே விலக்கிவிட்டுப் போனார்.