கண்ணு மூடலைன்னு போனேன், இமைத் தோலை வெட்டி அனுப்பிட்டாங்க – டர்பன் ஆளுங்க கவனம்

டர்பன்ல, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க, குறிப்பா ஊர்ல இருந்து கோயில் வேலைக்கும் சமையல் வேலைக்கும் வந்திருக்குறவங்க, நீளமா இருந்தாலும் படிச்சிருங்க. என் இமையை வெட்டுன கிளினிக்கோட பேரு போட மாட்டேன், கம்ப்ளைன்ட் ஓடிக்கிட்டு இருக்கு.

நான் நாதஸ்வரக்காரன். 2023 நவம்பர்ல ஒரு நாள் காலையில வாய் கொப்பளிக்கிறேன், தண்ணி இடது பக்கமா வழியுது. கண்ணாடில பாத்தா பாதி முகம் இறங்கிக் கெடக்கு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே காதுக்குள்ள நல்ல வலி, சின்னச் சின்னக் கொப்புளம், சூடுன்னு நெனச்சு வெளக்கெண்ணெய் விட்டுட்டு இருந்துட்டேன். அது என் தப்பு, யாரையும் சொல்லல. சின்ன வயசுல சின்னம்மை போட்ட அதே வைரஸ் நரம்புல தூங்கிக்கிட்டு இருந்து முழிச்சா இப்படி காதுக் கொப்புளமும் முகவாதமும் சேந்து வருமாம், ராம்சே ஹன்ட்னு பேரு, சாதாரண முகவாதத்தை விட லேசுல விடாது. முதல் மூணு நாளுக்குள்ள ஸ்டீராய்டும் வைரஸ் மாத்திரையும் ஆரம்பிச்சிருக்கணும். "காத்து அடிச்சிருக்கு அண்ணே, தானா சரியாயிரும்"னு எல்லாரும் சொன்னதைக் கேட்டு நான் டாக்டர்கிட்ட போனது பத்தாவது நாள்.

சீவாளியை வாயில வச்சா கடவாய்ல காத்து ஓடிருது, அடுத்து வந்த தைப்பூசத்துக்கு நான் ஊதல, ஓரமா நின்னு தாளம் தட்டுனேன். சுத்தி சாம்பிராணிப் புகை, கற்பூரப் புகை, இடது கண்ணு மட்டும் பொம்மைக் கண்ணு மாதிரி திறந்தே நிக்குது, தண்ணி கொட்டுது, காவடி எடுத்துட்டு வர்ற ஒரு அம்மா நான் பக்தியில அழறேன்னு நெனச்சு என் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாங்க. சிரிக்கக்கூட முடியல, சிரிச்சா கோணும்.

மே மாசத்துக்குள்ள வாய் ஓரளவு வந்துருச்சு. கண்ணு வரல. கோயில் கமிட்டில காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம், விசாவும் அதோட சேந்தது, எனக்கு உள்ளுக்குள்ள பதட்டம். அப்ப தெரிஞ்ச ஒரு ஆன்ட்டி நல்ல மனசோட சொன்ன இடம்தான் அந்த எஸ்தெடிக் கிளினிக், அழகு சிகிச்சை பண்ற இடம், மால் மாடில, வெள்ளை சோஃபா, தண்ணில எலுமிச்சம்பழம் எல்லாம் வெட்டிப் போட்டு வச்சிருந்தாங்க.

அந்த டாக்டர் என்னை உக்கார வச்சுப் பாத்தது பத்து நிமிஷம் இருக்கும். முகவாதத்துல புருவமும் இறங்கிரும், அதனால மேல் இமைத் தோல் மடிஞ்சு கண்ணு மேல தொங்குற மாதிரி தெரியும். அதக் காட்டி, "இமை தொங்குது, அந்தத் தோலை எடுத்துட்டா சரியாயிரும்"னாரு. "டாக்டர், எனக்கு மூட மாட்டேங்குதே"ன்னு என் ஒடஞ்ச இங்கிலீஷ்ல ரெண்டு தடவை கேட்டேன். "எல்லாம் செட் ஆயிரும்." கண்ணை மூடுங்க பாப்போம்னு ஒரு தடவைகூட சொல்லல, இத நான் இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. 31,500 ரேண்ட்னு சொல்லிட்டு, கேஷா கட்டுனா 28,000, மெடிக்கல் எய்ட்ல (இன்ஷூரன்ஸ் மாதிரி) கிளெய்ம் போட வேணாம் இழுத்தடிப்பாங்கன்னாரு. அங்கேயே எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல, மருமகனுக்குப் போட வச்சிருந்த சீர்ப் பணத்தை எடுத்துக் கட்டுனேன்.

பின்னாடி அரசு ஆஸ்பத்திரில ஒரு கண் டாக்டரம்மா பேப்பர்ல படம் போட்டுக் காட்டுனாங்க, அப்பத்தான் வெளங்குச்சு. இமையைத் தூக்குற தசைக்கு ஒரு நரம்பு, அது மூணாவது நரம்பு. மூடுற தசைக்கு வேற நரம்பு, ஏழாவது, முகத்துக்கு வர்றது. எனக்குப் படுத்தது ஏழாவது. தூக்குறவன் தெம்பா இருக்கான், இறக்குறவன் இல்ல, அதான் கண்ணு திறந்தே நிக்குது. இமை கீழ வரணும்னா அந்த மடிப்புத் தோல் வேணும். எட்டாத வேட்டிய இன்னும் ஒரு முழம் கிழிச்சா எப்படியோ அப்படித்தான் எனக்குப் பண்ணியிருக்காங்க. முன்னாடி 4 மில்லிமீட்டர் திறந்திருந்தது, வெட்டுன பிறகு 7. பில்லுல பாத்தா முகவாதம்ங்கிற வார்த்தையே இல்ல, அழகு ஆபரேஷன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்ட ஃபார்ம்லயும் அதேதான், நான் படிக்காமப் போட்டேன்.

வெட்டுனது ஜூன். ஆகஸ்ட்ல இங்க பெர்க் காத்து அடிக்கும் தெரியும்ல, மலைப் பக்கம் இருந்து வர்ற சூடான வறண்ட காத்து, அந்த வாரத்துல ஒரு ராத்திரி கண்ணுக்குள்ள கண்ணாடித் தூள் போட்ட மாதிரி ஆயிருச்சு. கிளினிக்குக்கு போன் பண்ணா "ட்ராப்ஸ் போடுங்க, வீக்கம் வடியணும்". ரெண்டு மாசம் கழிச்சு என்ன வீக்கம்? நாலாவது நாள் போனையே எடுக்கல. காலையில அஞ்சு மணிக்கு டாக்ஸி புடிச்சு அரசு ஆஸ்பத்திரி க்யூல நின்னேன். ஆரஞ்சு சொட்டு விட்டு நீல லைட் அடிச்சாங்க, கருவிழியோட கீழ்ப் பக்கம் பச்சையா மின்னுச்சாம், அது புண்ணு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்னாங்க. அன்னிக்கே இமையோட வெளி ஓரத்தை ரெண்டு தையல் போட்டு ஒட்டி விட்டாங்க.

அந்த க்யூவுக்குப் பயந்துதான் நான் மால் மாடிக்குப் போனேன்.

சரி பண்றதும் ஒரே தடவைல முடியல. வெட்டுன தோலுக்கு ஈடா காதுக்குப் பின்னாடி இருந்து தோல் எடுத்து இமைல ஒட்டுனாங்க, அது ஆறுன பிறகு 2025 பிப்ரவரில தங்கம் வச்சாங்க. ஆமா, தங்கம்தான். மேல் இமைக்குள்ள சின்ன வளைஞ்ச தகடு, மூடணும்னு நெனச்சதும் தூக்குற தசை தளரும், தகட்டோட கனத்துல இமை தானா இறங்கிரும், அவ்வளவுதான் சூட்சுமம். தங்கம் ஒத்துக்காதவங்களுக்கு பிளாட்டினம். எனக்கு 1.2 கிராம், பவுன்ல ஆறுல ஒரு பங்குகூட வராது. என் சம்சாரம் "எனக்கு வாங்கித் தராத நகையை நீங்க கண்ணுக்குள்ள போட்டுக்கிட்டீங்க"ன்னு இன்னிக்கும் சொல்லுது.

முக்கியமான விஷயம் இது: வைக்கிறதுக்கு முன்னாடி வேற வேற கனத்துல தகடு எடுத்து இமை மேல டேப் போட்டு ஒட்டி, உக்கார வச்சு, மூடச் சொல்லி, திறக்கச் சொல்லிப் பாத்தாங்க. 1 கிராம் பத்தல, 1.4 போட்டா தூக்க முடியல. கத்தி எடுக்குறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணாடில தெரிஞ்சிருச்சு. இப்படி ஒட்டிக் காட்டாம ஆபரேஷன் தேதி குடுக்குறவங்ககிட்ட காசு கட்டாதீங்க. இதுவும் முழு சுகம்னு சொல்ல மாட்டேன், படுத்தா கனம் வேற பக்கம் போயிருது, அதனால தலகாணி உசரம் வச்சு, கண்ணுக்கு மருந்துக் களிம்பு போட்டு, டேப் ஒட்டித்தான் தூங்குறேன்.

இன்னொன்னு. நம்ம ஆளு சொன்னாங்கன்னும், போர்டுல டாக்டர்னு இருக்குன்னும் போயிராதீங்க. ஹெச்.பி.சி.எஸ்.ஏ-ன்னு இங்க தென்னாப்பிரிக்கா டாக்டருங்களைப் பதிவு பண்ற கவுன்சில் இருக்கு, அதோட வெப்சைட்ல டாக்டர் பேரு போட்டுத் தேடலாம், காசு இல்ல, எம்.பி.ன்னு ஆரம்பிக்கிற நம்பரும் அவர் எதுல ஸ்பெஷலிஸ்ட்னும் வரும். எனக்கு வெட்டுனவர் பேருக்கு நேரா பொது மருத்துவர்னு மட்டும்தான் இருந்துச்சு, கண்ணும் இல்ல பிளாஸ்டிக் சர்ஜரியும் இல்ல. இத நான் பாத்தது ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு, ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து, ஒத்தக் கண்ணால.

பணம் திருப்பிக் கேட்டதுக்கு 5,000 ரேண்ட் தர்றோம், வெளிய பேசக் கூடாதுன்னு ஒரு பேப்பர் நீட்டுனாங்க. கையெழுத்துப் போடல. இந்தத் தடவை படிச்சுப் பாத்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோ, பில், கன்சென்ட் ஃபார்ம், அரசு ஆஸ்பத்திரி கார்டு எல்லாம் சேத்து ஹெச்.பி.சி.எஸ்.ஏ-க்குப் புகார் போட்டாச்சு, கோயில் கமிட்டி செக்ரட்டரி அங்கிள்தான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாரு. இதே மாதிரி மூட முடியாத கண்ணுக்குத் தோல் வெட்டிட்டு வந்தவங்க வேற யாராவது இருந்தா உங்க பில்லையும் ஃபார்மையும் தூக்கிப் போட்டுராதீங்க, எனக்குத் தனியா எழுதுங்க, ஒண்ணா அனுப்பலாம்.