குளமா, தரைக்கல்லா?

புத்தாண்டு வாழ்த்தோடு எங்கள் பேரூராட்சி வார்டு கவுன்சிலர் இரண்டு வேலைகளைச் சொன்னார்: தெருவுக்கு அலங்கார தரைக்கற்கள், ஊர்க்குளத்தைத் தூர்வாருதல். இரண்டுக்கும் ஒரே வருஷத்தில் பணம் வராது, அது அவருக்கும் தெரியும்.

தரைக்கல் சீக்கிரம் முடிகிற வேலை. குழாய் பதிக்கத் தோண்டினாலும் கல்லைப் பெயர்த்துத் திரும்ப அடுக்கலாம். கான்கிரீட்டில் அது நடக்காது. திறப்பு விழாவுக்கும் தோது! ஆனால் பக்கத்துத் தெருவில் மண்ணை எடுக்காமல் பழைய ரோட்டின் மேலேயே கல் பாவினார்கள். இப்போது மழை பெய்தால் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் வீட்டு நடையில் ஏறுகிறது.

குளம் அப்படியல்ல. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் வயலில் நிற்கிற ஜனவரியில் தண்ணீரை வடிக்க முடியாது. அறுப்பு முடிந்து, ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் கிடைக்கும் கோடைதான் காலம். நீர்வளத்துறைக் குளமென்றால் அவர்கள் அனுமதியும் வேண்டும். நிதியாண்டு ஏப்ரல் 1-ல் பிறக்கிறது. காகித வேலையை அதன்பிறகு தொடங்கினால், ஜேசிபி வரும்போது மழையும் வந்துவிடும். ஆகாயத்தாமரையை மட்டும் அரித்துக் கரையில் போட்டுவிட்டுப் போவார்கள். முதல் மழையில் அது திரும்பக் குளத்துக்குள்தான்.

என் ஓட்டு குளத்துக்கு. குளம் நிறைந்தால் எங்கள் கிணற்றில் நாலு முழம் கயிறு மிச்சம். "அண்ணே, அனுமதிக்கு மனு கொடுத்தாச்சா?" என்று கேட்டேன். "பொங்கல் கழியட்டும்" என்றார்.