பள்ளத்தூர் பக்கம் ஒரு சிறுவிடைக் கோழிப் பண்ணை

போன வருஷம் வேறு ஓரிடத்தில் 15 குஞ்சு வாங்கி, சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் 11 போய்விட்டது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைக்கத்தான் தெரியும், தகரக் கூரைக்குக் கீழே பாவம் எவ்வளவு நேரம் இளைக்கும்? அந்த வருத்தத்தோடுதான் இந்தச் சிறுவிடை (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி) பண்ணைக்குப் போனேன். பள்ளத்தூரிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும், பெயர்ப்பலகை கிடையாது.

ஒரு அக்காவும் அவர் மகனும் பார்க்கிறார்கள், தாய்க்கோழி மொத்தமே 60 இருக்கும். கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருப்பதால் வெயில் நேராக உள்ளே இறங்குவதில்லை, மேலே பனையோலை, மத்தியானத்தில் பக்கவாட்டில் நனைத்த சாக்கு. இன்குபேட்டர் இல்லை, அடைக்கோழிதான், 21 நாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தீவனம். முதல் நாள் சாயங்காலம் பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். நான் போன காலையில் அக்கா பானையை நிமிர்த்திச் சாக்கை உதறினார். வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. தாய்க்கோழி ஒரு குரல் கொடுத்ததும் வேலியோரம் கிளறிக்கொண்டிருந்த குஞ்செல்லாம் ஓடி வந்து அக்கா காலடியில் மொய்த்துக்கொண்டன. "லாரியில வர்ற தீவன மூட்டை பாதியாக் கொறஞ்சிருச்சு தம்பி" என்றார். மீதிக்கு அசோலா (தண்ணீரில் மிதந்து வளர்கிற சின்னச் செடி), தவிடு, உடைத்த கம்பு. அசோலாத் தொட்டிக்கு மேல் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் நம் ஊர் வெயிலில் கருகிவிடும்.

குறையும் உண்டு. சொல்லி வைத்து ஆறு வாரம் காத்திருந்தேன். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து விட்டாச்சா என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் விவரம் சொன்னார்கள், அதை ஒரு சீட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுக்கலாம், ஏனென்றால் எட்டாவது வார ஊசியை வாங்கிப் போகிறவர்தான் போட வேண்டும்.

ஒரு மாதக் குஞ்சு 120 ரூபாய். பங்குனியில் 12 வாங்கினேன், ஒன்றைப் பருந்து தூக்கிவிட்டது, மற்ற 11-ம் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டி இப்போது கொல்லையில் கிளறிக்கொண்டு திரிகின்றன. வாங்கப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள், ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அப்புறம் அட்டைப்பெட்டி வேண்டாம், காற்று புகுகிற மூங்கில் கூடை கொண்டு போங்கள்.