அபிஸ்கோ தேசியப் பூங்கா: பகலில் நடப்பதற்காகவே செல்லலாம்

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது அபிஸ்கோ. 1909-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்ட, 77 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட இந்தப் பூங்காவுக்கு நம்மவர்கள் பெரும்பாலும் இரவு வானில் வண்ணத் திரையாய் அசையும் துருவ ஒளியைக் காணவே செல்கிறார்கள். கோவையில் நான் அணுகிய பயண முகவர் ஒருவரும், ஒளி கட்டாயம் தெரியும் என்று உறுதி கூறி, இரவு வாகனச் சுற்றுகளை மட்டுமே அடுக்கிய திட்டத்தைப் பெருந்தொகைக்கு நீட்டினார். மேகம் மூடினால் எவராலும் எதையும் காட்ட முடியாது என்பதால் அதை மறுத்துவிட்டு, ஸ்டாக்ஹோமிலிருந்து செல்லும் இரவு ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் நாங்களே பதிவு செய்துகொண்டோம். கிராமத்து நிலையத்தில் இறங்காமல் 'அபிஸ்கோ டூரிஸ்ட்ஸ்டேஷன்' என்ற நிறுத்தத்தில் இறங்கினால், குங்ஸ்லேடன் என்ற நெடுந்தூர நடைபாதையின் தொடக்கம் அருகிலேயே இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை பருவமழையை மறித்துக்கொள்வதால் தாராபுரம், காங்கேயம் பக்கம் வானம் பார்த்த பூமியாகக் கிடப்பதைப் போலவே, அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்றை நார்வே எல்லை மலைகள் வாங்கிக்கொள்வதால், அபிஸ்கோவில் பனியையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. வானம் அடிக்கடி தெளிவாக இருப்பதற்கும், துருவ ஒளிக்கு இவ்விடம் பெயர் பெற்றதற்கும் இதுவே காரணம்.

சுமார் 440 கிலோமீட்டர் நீளும் குங்ஸ்லேடன் நடைபாதை இங்கிருந்துதான் புறப்படுகிறது. அபிஸ்கோயாவ்ரே குடில் வரையிலான முதல் 15 கிலோமீட்டர் ஏற்றம் குறைந்தது. சதுப்பு நிலங்களில் பலகை பாவியிருக்கிறார்கள். செப்டம்பரில் சென்றால் கொசுத்தொல்லை இராது. மலை பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும், கணுக்கால் உயரமே வளரும் குட்டை பிர்ச்சின் நகத்தளவு இலைகள் செக்கச் சிவப்பாகவும் மாறியிருக்கும். குனிந்து அந்த இலைகளின் ஓரத்துப் பற்களைப் பார்த்துக்கொண்டே நேரம் போனது தெரியவில்லை. குடிலில் மின்சாரம் கிடையாது. தண்ணீர் எடுப்பதும் விறகு பிளப்பதும் தங்குவோர் பொறுப்பு. எரிவாயு அடுப்பில் நாங்கள் ஆக்கிய அரிசிம்பருப்பு சாதம், விலை மிகுந்த உணவகச் சாப்பாட்டைவிட நிறைவாக இருந்தது. கூடாரத்தைப் பூங்காவுக்குள் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அடிக்கலாம்.

திருப்பூர்க்காரன் என்ற முறையில் ஆடையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; ஏற்றத்தில் நனைந்த துணி, நின்றவுடன் குளிர்காற்றில் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். மெரினோ கம்பளி நூலில் பின்னிய மெல்லிய உள்ளாடை, ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். அதன்மேல் மெத்தென்ற செயற்கை இழைத் துணியான ஃப்ளீஸில் ஒரு சட்டையும் காற்றுப்புகா மேலாடையும் போதும்.

நெடுந்தூரம் நடக்க இயலாத பெரியவர்களையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். அபிஸ்கோயோக்கா ஆறு பாறையைக் குடைந்து பாயும் பள்ளத்தாக்கு, தங்குமிடத்திலிருந்து சில நிமிட நடையிலேயே இருக்கிறது.