பட்டி பூசி மறைத்த தூண்: பலகை வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தோட்ட வேலையை விட்டு வெளியேறிய அப்பா, 1979-இல் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கட்டிய பலகை வீட்டில்தான் அம்மா இன்னமும் குடியிருக்கிறார். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், கெம்பாஸ் மரத் தூண்களின்மேல் நிற்கும் வீடு அது. அதைப் பழுதுபார்த்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 7,400 ரிங்கிட்டைக் கொடுத்து, இருந்த பழுதைப் பெரிதாக்கிக்கொண்டோம். புகார் நடப்பில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் கையாண்ட அதே முறையை எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன் என்பதால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுப்படிப் பக்கத்து மூலைத் தூணின் அடியில் மரம் கறுத்து வெடித்திருந்தது. வந்தவர் குனிந்துகூடப் பார்க்காமல், “கரையான்” என்றார். துளை போட்டு மருந்து ஏற்றினார். வெடிப்புகளில் பட்டி எனும் அடைப்புப் பசையை அடைத்துத் தேய்த்து, கனமான எண்ணெய்ச் சாயத்தை மூன்று முறை பூசினார். கடைசியாக, தூணின் அடியைச் சுற்றிச் சிமெண்டால் ஒரு வளையம் ஊற்றி, இனிப் பத்து ஆண்டுகளுக்கு அசையாது என்று சொல்லிவிட்டுப் போனார். முன்வாசல் தாழ்வாரத்தில் நான்கு பலகைகளையும் மாற்றினார். பார்க்க வீடு புதிதாகத்தான் இருந்தது. பினாங்கில் வேலை பார்க்கும் நான், கைப்பேசியில் வந்த படங்களைப் பார்த்தே பணத்தை அனுப்பினேன். என் முதல் பிழை அது.

பதினான்கு மாதம் கழித்து, நவம்பர் மழையில் அம்மா அழைத்தார். “கதவு தரையில இழுக்குதுய்யா, எண்ணெய் விட்டும் பார்த்துட்டேன்” என்றார். எண்ணெய் விட்டுச் சரியாகும் கோளாறா அது? அந்த மூலையே ஓர் அங்குலத்துக்குமேல் இறங்கியிருந்தது.

பக்கத்துக் கிராமத்தில் வேலையை விட்டு ஓய்வாக இருக்கும் தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன். பெரியவர் முதலில் சுத்தியலின் பிடியால் தூணை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே கணீரென்று கேட்ட ஓசை, முழங்கால் உயரத்துக்குக் கீழே சோற்றுப்பானையைத் தட்டியதுபோல் மங்கிப்போனது. அந்த இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். சாயத்தையும் பட்டியையும் தாண்டியதும் அது பிடிவரைக்கும் தடையில்லாமல் இறங்கியது. வெளியே இழுத்தபோது பழுப்பு நீர் கசிந்தது. சாய ஓட்டைப் பெயர்த்தபோது உள்ளே இருந்த மரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, கையில் எடுத்தால் காப்பித்தூள்போல் உதிர்ந்தது. “கரையான்னா மண் கூடு இருக்கணுமே தம்பி, இதுல எங்க இருக்கு? இது தண்ணி தின்ன மரம்” என்றார்.

தண்ணீர் நேராகத் தின்பதில்லை. ஈரத்தில் வளரும் பூஞ்சைதான் தின்கிறது. மரத்திலுள்ள ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பூஞ்சையால் வளர முடியாது, மழை நேராகப் படாத, காற்றோடும் இடத்திலுள்ள மரம் நம் ஊர்ப் புழுக்கத்திலும் பெரும்பாலும் அந்த அளவுக்குள்ளேயே நிற்கும். அப்படியானால் எங்கள் தூணுக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அந்த ஆள் கேட்கவே இல்லை. பெரியவர் கேட்டார், கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். கூரையோரத் தகரக் கால்வாயின் இணைப்பு விட்டுப்போய், மழைநீர் பல காலமாக அந்த ஒரே மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

சிமெண்டு வளையம் செய்த கேடு இதைவிடப் பெரிது. மரம் காயும்போது சுருங்கும், சிமெண்டு அதோடு சேர்ந்து சுருங்காது. இடையில் விழும் நூலளவு இடைவெளியில் இறங்கும் மழைநீருக்கு வெளியேற வழியில்லை. தூணின் அறுத்த முனை, பக்கவாட்டைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சக்கூடியது. அந்த முனையையே ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்திவைத்து, மேலே இருக்கும் ஈரமும் ஆவியாகாதபடி எண்ணெய்ச் சாயத்தால் மூடிவிட்டால், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

தாழ்வாரப் பலகைகளும் பொய். ரசீதில் செங்கால் என்ற கனமான மரத்தின் பெயர் எழுதியிருந்தது. காய்ந்த செங்கால் கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் நிறுக்கும்; இந்தப் பலகையை அம்மாவே ஒரு கையால் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். மட்டமான மெராந்தி மரம் என்றார் பெரியவர்.

சரியான வேலைக்கு மூன்று நாள் ஆனது. ஜாக்கி கொடுத்து உத்திரத்தைத் தாங்கவைத்து, நல்ல மரம் தென்பட்ட இடத்திலிருந்து இன்னும் ஓர் அடி மேலே தள்ளித் தூணை அறுத்தார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் சிதைவைத் தாண்டியும் பூஞ்சை இழை ஓடியிருக்கும். அறுத்த முனையில், பூஞ்சையைக் கொல்லும் போரான் உப்புக் கரைசலை ஊறவிட்டார்கள். அந்த உப்பு ஈர மரத்துக்குள் தானாகப் பரவும். ஆனால் மழை பட்டால் கரைந்து போய்விடும் என்பதால், தகரக் கால்வாயை முதலில் சரிசெய்த பிறகே அதைத் தொடவேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாக இருந்தார். கீழே கான்கிரீட் பீடம் எழுப்பி, துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியை அதில் பதித்து, மரம் கான்கிரீட்டைத் தொடாமல் இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி பொருத்தினார்கள். மொத்தச் செலவு 2,150 ரிங்கிட். அதில் கால்வாய் இணைப்புக்கு ஆனது 90 ரிங்கிட் மட்டுமே.

ஆகவே, யாராவது உங்கள் வீட்டுத் தூணைப் பார்த்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் மருந்து, பட்டி, சாயம் என்று விலை பேசினால் அவரை அனுப்பிவிடுங்கள். சாயம் பூசுவதற்கு முன் இற்ற மரத்தை வெட்டி எடுத்த நிலையில் நீங்களே நேரில் பாருங்கள். மர வகையையும் உத்தரவாதத்தையும் தாளில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் ரசீது இருந்ததால் பலகை விவகாரத்துக்குச் சான்று இருக்கிறது, வாய்ச்சொல்லான பத்தாண்டு உத்தரவாதத்துக்கு இல்லை.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டிப் படிவத்தைக் கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, சம்பவம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கே கொண்டுபோகலாம். விசாரணை நாளுக்காக, இற்றுப்போன தூண் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்திருக்கிறோம். அம்மா அதன்மேல் “தின்பண்டம் அல்ல” என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.